விமான நிலையத்தின் ஆண்டுக் கணக்கைப் படிப்பது எப்படி? லைப்சிக்கை வைத்து ஒரு பயிற்சி

2020இல் ஜெர்மனியின் லைப்சிக்/ஹாலே விமான நிலையத்துக்கு வந்துபோன பயணிகள், முந்தைய ஆண்டில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான். அதே ஆண்டு, அதே ஓடுபாதைகளில், சரக்கு மட்டும் கூடியிருக்கிறது. பயணிகள் கணக்கை மட்டும் பார்த்தவர் அந்த நிலையம் படுத்துவிட்டது என்று எழுதுவார். சரக்கை மட்டும் பார்த்தவர் ஓஹோ என்று எழுதுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கத்தான் இந்தப் பதிவு. எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ திறக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: கணக்கை எடுங்கள்

ஜெர்மனிக்கு அந்நாட்டு விமான நிலையங்களின் சங்கம் மாதந்தோறும் பட்டியல் வெளியிடுகிறது. ஐரோப்பாவுக்கு மொத்தமாக ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட், பிரிட்டனுக்கு அங்குள்ள சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். எல்லாமே இலவசம். இந்தப் பயிற்சிக்கு முழுமையாக்கிய எண்களை எடுத்துக்கொள்வோம்:

2019: பயணிகள் 26 லட்சம், சரக்கு 12.4 லட்சம் டன்
2020: பயணிகள் 5.3 லட்சம், சரக்கு 13.8 லட்சம் டன்
2022: பயணிகள் 15.6 லட்சம், சரக்கு 15.1 லட்சம் டன்
2023: பயணிகள் 21 லட்சம், சரக்கு 13.9 லட்சம் டன்

2021ஐ வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன், பிறகு வருகிறேன்.

படி 2: எதை எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள்

அவசரத்தில் பலரும் தாண்டிப் போகும் படி இது. நானும் தாண்டி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அமெரிக்காவின் கூட்டாட்சி விமான நிர்வாகம் வெளியிடும் ஆண்டுப் பட்டியலில் விமானம் ஏறியவர்கள் மட்டுமே இருப்பார்கள், இறங்கியவர்கள் இருக்க மாட்டார்கள். அதை ஐரோப்பியக் கணக்கோடு நேராக ஒப்பிட்டால் அமெரிக்க நிலையம் பாதி அளவில்தான் தெரியும். அங்கேயே சரக்குக்கென்று இருக்கும் பட்டியல் இன்னும் ஏமாற்றும். அது சரக்கின் எடை இல்லை, தரையிறங்கிய சரக்கு விமானங்களின் எடை. அதுவும் பவுண்டில்.

அப்புறம், விமானம் மாறிச் செல்பவரை இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை என இரண்டாக எண்ணுவார்கள். அமெரிக்காவின் மெம்பிஸ் நல்ல உதாரணம். டெல்டா நிறுவனம் 2013இல் அங்கிருந்த தன் இணைப்பு மையத்தை மூடியபோது பயணிகள் எண்ணிக்கை சரிந்தது. ஆனால் அந்தச் சரிவில் பெரும்பங்கு, மெம்பிஸ் ஊருக்குள் கால் வைக்காமலே விமானம் மாறிப் போனவர்கள். பார்சல் நிறுவனமான ஃபெடெக்ஸின் தலைமை மையமோ அங்கேயே இருந்தது, சரக்கும் அசையவில்லை.

சரக்கில் தபால் சேர்ந்திருக்கிறதா, டன் என்றால் ஆயிரம் கிலோவா அல்லது 907 கிலோ வரும் அமெரிக்க டன்னா என்றும் பார்த்துவிடுங்கள். ஆண்டு எப்போது தொடங்குகிறது என்பதும் முக்கியம். நம் நாட்டு விமான நிலையக் கணக்குகள் பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், ஐரோப்பாவில் ஜனவரி முதல் டிசம்பர் வரை.

படி 3: மாற்றத்தைச் சதவீதமாக்குங்கள்

இந்த ஆண்டின் எண்ணிலிருந்து முந்தைய எண்ணைக் கழித்து, முந்தைய எண்ணால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். 2020இல் பயணிகள் 80 சதவீதம் குறைவு, சரக்கு 11 சதவீதம் கூடுதல்.

படி 4: அடிப்படை ஆண்டு ஒன்றை வையுங்கள்

ஆண்டுக்கு ஆண்டு சதவீதம் கோவிட் காலத்தில் கூத்தடிக்கும். அதள பாதாளத்திலிருந்து கொஞ்சம் ஏறினாலே நூறு, இருநூறு சதவீத வளர்ச்சி என்று காட்டும். அதனால் 2019ஐ 100 என்று வைத்து மற்ற ஆண்டுகளை அதனோடு ஒப்பிடுங்கள். பயணிகள் 100, 20, 60, 81. சரக்கு 100, 111, 122, 112. இந்த இரண்டு வரிசையையும் ஒரே கோட்டுப் படமாகப் போடுங்கள். பயணிகள் கோடு இறங்கி ஏறும், சரக்குக் கோடு ஏறி இறங்கும்.

இப்போது 2021. அந்த ஆண்டு சரக்கு 15.9 லட்சம் டன், அதாவது 128. உச்சம் அதுதான். 2022ஐத் தனியாகப் பார்த்தால் சரக்கு நன்றாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் அப்போதே இறக்கம் தொடங்கிவிட்டது. ஓர் ஆண்டை விட்டுவிட்டு வரைந்தால் என்ன ஆகும் என்று காட்டத்தான் அதை ஒளித்து வைத்தேன்.

படி 5: இரண்டையும் ஒரே அலகில் கூட்டுங்கள்

ஆளையும் டன்னையும் எப்படிக் கூட்டுவது? விமானத் துறையில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பையோடு சேர்த்து ஒரு பயணி என்பது 100 கிலோ சரக்குக்குச் சமம். அப்படியானால் ஒரு டன் சரக்கு பத்துப் பயணிகள்.

2019: 26 + 124 = 150 லட்சம் அலகு
2020: 5.3 + 138 = 143.3 லட்சம் அலகு

பயணிகள் 80 சதவீதம் போன ஆண்டில் நிலையத்தின் மொத்த வேலை ஐந்து சதவீதம்கூடக் குறையவில்லை! எனக்கு இந்தக் கணக்கிலேயே பிடித்த இடம் இதுதான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இது வேலையின் அளவு, வருமானம் இல்லை. பார்சல் பெட்டி காபி குடிக்காது, வண்டி நிறுத்தக் கட்டணமும் கட்டாது.

படி 6: காரணத்தைத் தேடுங்கள்

எண்ணில் திடீரென்று படிக்கட்டு மாதிரி ஓர் ஏற்றம் வந்தால் அது பெரும்பாலும் இயல்பான வளர்ச்சியாக இருக்காது. லைப்சிக்கில் 2007இல் சுமார் 1 லட்சம் டன்னாக இருந்த சரக்கு 2008இல் 4.4 லட்சத்தைத் தாண்டியது. விரைவுப் பார்சல் நிறுவனமான டிஎச்எல் தன் ஐரோப்பிய மையத்தை பிரஸ்ஸல்ஸிலிருந்து அங்கே மாற்றியதுதான் காரணம். ஆக, ஓரிடத்தில் ஏற்றம் கண்டால் இன்னோரிடத்தில் இறக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிஎச்எல்லுக்கு லைப்சிக் ஏன் பிடித்தது? விரைவுப் பார்சல் தொழில் இரவில் நடப்பது, லைப்சிக்கில் சரக்கு விமானங்கள் இரவிலும் இறங்கி ஏறலாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் 2011 முதல் இரவு 11 மணியிலிருந்து அதிகாலை 5 வரை வழக்கமான விமானங்களுக்குத் தடை.

2020இன் ஏற்றத்துக்கு வேறு காரணம். உலக விமானச் சரக்கில் பாதியளவு பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகும். அந்த விமானங்கள் நின்றதும் சரக்கு விமானங்களுக்கு வேலை குவிந்தது, போதாததற்கு ஊரடங்கில் எல்லோரும் இணையத்தில் பொருள் வாங்கினார்கள்.

அடுத்து நீங்களே ஒன்று செய்து பாருங்கள். இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் நிலையத்தில் 2019இல் பயணிகள் சுமார் 46.7 லட்சம், சரக்கு சுமார் 3.36 லட்சம் டன். இரண்டையும் படி 5இன்படி அலகாக்கி, சரக்கின் பங்கு எத்தனை சதவீதம் என்று கணக்கிடுங்கள். 42 வந்தால் சரி. 7 பக்கம் வந்தால் பத்தால் பெருக்க மறந்துவிட்டீர்கள் என்று பொருள்.