முதல் அறுபது அடியில் தோற்கும் வண்டிகள்

சிவகங்கைச் சீமையில் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாட்டுக்குப் போய்வர ஏழெட்டு மைல் வைப்பார்கள். கொடி அசைக்கும்போது தடுமாறிய ஜோடிகூட, சாரதி கெட்டிக்காரராக இருந்தால் எல்லையில் திரும்புவதற்குள் முன்னால் வந்துவிடும். டிராக் ரேஸில், அதாவது பைக்குகள் நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் ஓடும் பந்தயத்தில், அந்தச் சலுகை கிடையாது. மொத்தமே கால் மைல், 402 மீட்டர். அதில் முதல் 60 அடியில் சக்கரம் வழுக்கியோ இன்ஜின் திணறியோ போன நேரம் திரும்ப வராது. குறைந்த வேகத்தோடே அடுத்த அடிகளுக்குள் நுழைவதால், அங்கே விட்ட பத்தில் ஒரு விநாடி கோட்டைத் தொடும்போது இன்னும் வளர்ந்திருக்கும்.

காரைக்குடியில் டீக்கடையில் நின்றால் அடிக்கடி கேட்கும் வாதம்: "புல்லட்ல டார்க் டபுள் மச்சான், ஆர்15 எப்படி முந்தும்?" டார்க் என்றால் சுழற்றும் விசை, முறுக்குவிசை. முதல் தவறு இதுதான். விளம்பரத் தாளில் இருக்கும் எண் இன்ஜினுடையது. வண்டியைத் தள்ளுவது சக்கரத்துக்கு வந்துசேரும் டார்க். புல்லட் என்று நாம் சொல்லும் ராயல் என்ஃபீல்டு வகையில் கிளாசிக் 350 தருவது 4000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 4000 சுற்றில்) 27 நியூட்டன் மீட்டர். யமஹா ஆர்15 வி4 தருவது 7500இல் 14.2. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் இன்ஜினின் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். போட்டுப் பாருங்கள், இரண்டுமே ஏறத்தாழ 11தான். ஆர்15 ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் சுற்றுவதால் அதன் கியரை அதற்கேற்பக் குறைத்து அமைக்க முடியும்; பாதி டார்க் சக்கரத்துக்குப் போகும்போது இருமடங்காகிவிடும். புல்லட்டின் எடை 195 கிலோ, ஆர்15 142 கிலோ. மீதியை நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.

அப்படியானால் கீழ் ஆர்பிஎம் டார்க் வீணா? இல்லை. அது ஓட்டுபவரின் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். புல்லட்டில் கிளட்சைக் கொஞ்சம் முன்னாடியே விட்டாலும் வண்டி நகர்ந்துவிடும். ஆர்15இல் 3000இல் கிளட்சை விட்டால் 'கொர்ர்' என்று அடங்கிப் போய், மறுபடி மூச்சு வாங்கி எழும்புவதற்குள் பக்கத்து லேன்காரர் இரண்டாவது கியர் போட்டிருப்பார். நம் ஊர்ப் பிள்ளைகள் உயிரை விடும் ஆர்எக்ஸ் 100ம் இந்த ரகம்தான். 98 சிசி, 7500இல் 11 குதிரைத்திறன். டார்க்கின் உச்சமே 6500 பக்கத்தில். மேலே பறக்கும், கீழே சோம்பும்.

ஆகவே சின்ன இன்ஜினுக்கு வழி ஹாஃப் கிளட்ச். ஆர்பிஎம்மை டார்க் பிறக்கும் இடத்தில் நிறுத்தி, கிளட்சைப் பாதி வழுக்க விட்டு, வண்டியின் வேகம் இன்ஜினின் வேகத்தை எட்டிப்பிடித்த பிறகுதான் முழுதாக விடவேண்டும். இதைச் செய்ய ஒன்றரை விநாடி, கற்க ஒரு வருஷம். கிளட்சைப் பட்டென்று விடுவதை வீரம் என்று நினைப்பவர்கள் அதிகம். டார்க் குறைந்த வண்டியில் இன்ஜின் அடங்கும். டார்க் கொழுத்த வண்டியில் பின்சக்கரம் சுழலும், இல்லாவிட்டால் முன்சக்கரம் எழும்பும். முன்சக்கரம் எழும்பினால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் அதை இறக்க ஆக்சிலேட்டரைக் குறைத்தாக வேண்டும். நேரம் அங்கேதான் போகிறது. உடம்பை டேங்க் மேல் சாய்த்து எடையை முன்னால் வைப்பதற்குக் காரணமும் அதுதான்.

தரையை மறந்துவிடுவது இன்னொரு தவறு. செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் இருக்கிறது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் வருவதற்கு முன் சென்னைப் பந்தயங்களுக்கு இடம் தந்த சோழவரமும் அப்படியொரு போர்க்காலத் தளம்தான். பழைய தளங்களில் மேற்பரப்பு ஒரே சீராக இருக்காது. விரிசல், புல், மேலே மணல். டயருக்கும் தரைக்கும் நடுவே செம்மண் தூள் இருந்தால், எண்ணெய் சிந்திய ஆத்தங்குடிக் கல்லில் நடப்பது போலத்தான். அங்கே டார்க் கூடக்கூட வழுக்கலும் கூடும். கிளம்பும் இடத்தை நடந்து பார்த்து, கூட்டச் சொல்லிவிட்டு, பின்டயர் காற்றை ஓரிரு பிஎஸ்ஐ மட்டும் குறைக்கலாம். மொத்தமாக இறக்கினால் வண்டி ஆடும். (பைபாஸ் ரோடு வழவழவென்றுதான் இருக்கிறது. அங்கே பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவு காத்திருக்கிறது. எதிரே வரும் டவுன் பஸ்ஸும்.)

ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, மாற்றும் ஆசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னால் இரண்டு பல் கூட்டினால் கிளம்பும் எடுப்பு கூடும், உண்மை. ஆனால் ஒவ்வொரு கியரும் சீக்கிரம் தீரும். எல்லைக்கோட்டுக்கு இருபது மீட்டர் முன்னால் இன்னொரு கியர் போட நேர்ந்தால், கிளம்பும்போது சம்பாதித்ததை அங்கே கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். எனக்கு நேர்ந்தது அது. பல் எண்ணிக்கையைச் சொல்லித் தந்த பட்டறைக்காரரைக் கேட்டால் நான் கியர் போட்டதுதான் தப்பு என்றார்.

ஓட்டம் முடிந்த பிறகும் ஒரு சண்டை வரும். "என் நேரம் குறைவு, அவன் எப்படி ஜெயிச்சான்?" வண்டி கிளம்புக்கோட்டை விட்டு நகர்ந்த பிறகுதான் ஓட்ட நேரத்தின் கடிகாரம் ஓடத் தொடங்கும், பச்சை விளக்குக்கும் நகர்ந்ததற்கும் இடையே தூங்கிய நேரம் தனிக் கணக்கு. விளக்கில் தூங்கியவர் குறைந்த நேரத்தோடு தோற்பது டிராக் ரேஸில் சாதாரணம்.