ஹார்மோன் மருந்து மாற்றும்போது நம் பெண்கள் செய்யும் தவறுகள்

கடலூரில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பதால், மாதவிடாய் நின்ற பெண்கள் உடம்பில் குப்பென்று ஏறும் சூட்டுக்கும் வியர்வைக்கும் எடுக்கும் ஹார்மோன் மருந்துச் சீட்டுகள் தினமும் கண்ணில் படுகின்றன. அவற்றில் ஒரு வகை எனக்கு எப்போதும் கவலை தரும். போன மாதம் வரை ஒரே ஒரு மாத்திரை எழுதியிருக்கும். இந்த மாதம் தோலில் தடவ ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஜெல் ஒன்று, கூடவே இரவுக்கு ஒரு கேப்ஸ்யூல். ஜெல்லை வாங்கிக்கொள்வார்கள். கேப்ஸ்யூல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது புள்ளத்தாச்சிக்குக் குடுக்குற மாத்திரையாச்சே கண்ணு, எனக்கு எதுக்கு? மாத்திக் குடுத்துட்டியா?” என்று தள்ளி வைத்துவிடுவார்கள்.

மகளுக்கோ மருமகளுக்கோ கர்ப்பம் தங்க எழுதித் தந்த அதே புரோஜெஸ்ட்ரோன்தான் அது. அவர்கள் சந்தேகப்படுவது நியாயம். ஆனால் கர்ப்பப்பை இருக்கும் பெண் அதை விட்டுவிட்டு ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால், கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் அது புற்றுநோயாக மாறும் ஆபத்து உண்டு. 1975-லேயே மருத்துவ இதழ்களில் ஆய்வுகளாக வெளிவந்த உண்மை இது. சவ்வைத் தடிக்கவிடாமல் காப்பதற்குத்தான் அந்த கேப்ஸ்யூல். முன்பு எடுத்த மாத்திரையில் இரண்டு ஹார்மோனும் சேர்ந்தே இருந்திருக்கும். அல்லது டிபோலோன் போல ஒன்றே போதுமான மருந்தாக இருந்திருக்கும். இப்போது பிரித்துத் தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். “எங்க அக்கா ஜெல் மட்டும்தானே தடவுது” என்பார்கள். விசாரித்தால் அந்த அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்திருப்பார்கள். எடுத்தவர்களுக்குப் பொதுவாக புரோஜெஸ்ட்ரோன் தேவையில்லை. இருப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தவே கூடாது.

இதே கேப்ஸ்யூலைக் காலை டீயோடு போட்டுக்கொண்டு, பஸ்ஸில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டதாகச் சொல்பவர்களும் உண்டு. இந்த மருந்து தூக்கம் தரும். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் இன்னும் அதிகமாக ஏறும். இரவு சாப்பிட்டு நேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடுங்கள். காலையில் மயக்கமாக இருந்த அதே மருந்து, மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் தவித்தவருக்கு ராத்திரியில் உதவியாக இருக்கும்.

எத்தனை நாள் போடுவது என்பதையும் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். சிலருக்குத் தினமும் 100 மி.கி., சிலருக்கு மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும் 200 மி.கி. எழுதுவார்கள். இரண்டாவது முறையில் கேப்ஸ்யூல் முடியும் சமயத்தில் மாதவிடாய் போலவே ரத்தம் படும். அது எதிர்பார்த்ததுதான். அது தெரியாமல் ‘நின்னது திரும்ப வந்துட்டுது’ என்று பயந்து எல்லா மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள்.

ரத்தப்போக்கு விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. மருந்து மாற்றிய முதல் 3 முதல் 6 மாதம் அவ்வப்போது கொஞ்சம் படுவது பலருக்கும் நடப்பதுதான். அதற்காக இரண்டாம் வாரமே மருந்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் 6 மாதத்துக்கு மேலும் நீடித்தாலோ, நன்றாக நின்றிருந்து திடீரென்று பட ஆரம்பித்தாலோ, அது மருந்தால்தான் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. ஸ்கேன் எடுத்துச் சவ்வின் தடிமனைப் பார்க்க வேண்டும். நாப்கின் நனைந்து வழியும் அளவுக்குப் போனால் எந்தக் கெடுவும் பார்க்காமல் உடனே போங்கள். வீட்டு நாள்காட்டியில் பட்ட நாளுக்கெல்லாம் ஒரு பொட்டு வையுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

மார்பு கனத்து வலிப்பது, வயிறு உப்புசம், குமட்டல், லேசான தலைவலி இவையெல்லாம் பெரும்பாலும் சில வாரத்தில் தணிந்துவிடும். குமட்டல் தரும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடலாம். புது மருந்து ஒத்துப்போகிறதா என்று தீர்மானிக்க ஏறக்குறைய 3 மாதம் தர வேண்டும்.

அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்து டோஸைக் கணக்குப் போடுவது அடுத்தது. ‘2 மி.கி. போட்டேன், இப்ப 0.625தான் இருக்கு, பத்தாது’ என்று இரண்டாகப் போட்டுவிடுகிறார்கள். காஞ்ஜுகேட்டட் ஈஸ்ட்ரோஜன் என்ற வகையில் 0.625 மி.கி. என்பது, எஸ்ட்ராடியால் என்ற இன்னொரு ஈஸ்ட்ரோஜன் வகையில் 1 முதல் 2 மி.கி.க்கு நிகராகக் கருதப்படுவது. மருந்து வேறு, அளவுகோலும் வேறு. பழைய அட்டையில் மீதம் இருக்கிறதே என்று அதையும் புதியதையும் சேர்த்துப் போடுவதும் இதே ரகம்தான்.

யாருமே எதிர்பார்க்காதது தைராய்டு. நம் பக்கம் தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் மாத்திரை போடும் பெண்கள் ஏராளம். வாயால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போகும்போது, தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தை ரத்தத்தில் கூட்டிவிடும். அதனால் தைராக்சின் கூடுதலாகத் தேவைப்படலாம். அந்த அளவைக் கூட்டி வைத்திருக்கும் பெண், பிறகு மாத்திரையிலிருந்து ஜெல்லுக்கு மாறுகிறார். தோல் வழியாகப் போவதால் அந்தப் புரதம் பழைய அளவுக்கு இறங்குகிறது. போட்டுக்கொண்டிருந்த தைராக்சின் இப்போது மிகையாகிவிடுகிறது. நெஞ்சு படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும். “பழையபடி குப்புனு சூடு ஏறுது, ஜெல் வேலை செய்யல” என்று வந்து இன்னும் கூட்டித் தரச் சொல்வார்கள். மாற்றிய 6 முதல் 12 வாரத்துக்குள் தைராய்டு அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்தால் விஷயம் தெரிந்துவிடும். மகளிர் மருத்துவரிடம் தைராய்டு மாத்திரையைப் பற்றிச் சொல்லாமலும், தைராய்டு பார்ப்பவரிடம் ஹார்மோனைப் பற்றிச் சொல்லாமலும் இருப்பதுதான் இங்கே மூலக் காரணம். வலிப்பு மாத்திரை, காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போடுபவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசினும் சில வலிப்பு மாத்திரைகளும் ஹார்மோனின் வேலையைக் கெடுக்கும்.

கத்திரி வெயிலில் மருந்து மாற்றினால் இன்னொரு குழப்பம். புதுச்சேரியிலும் கடலூரிலும் மே மாதம் எல்லாருக்குமே வியர்க்கிறது. மின்விசிறிக்கு அடியில் படுத்திருக்கும்போது விடியற்காலை நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குபீரென்று ஏறி, சில நிமிடத்தில் அடங்கி, பிறகு குளிர்ந்தால் அது ஹார்மோன் சூடு. பகல் முழுக்கக் கசகசவென்று இருந்தால் வெயில். இந்த வேறுபாட்டைச் சொன்னால்தான் டோஸைச் சரியாக முடிவு செய்வார்கள். ஜெல்லைக் குளித்து, உடம்பு நன்றாகக் காய்ந்தபின் தோள்பட்டையிலோ தொடையிலோ தடவுங்கள். மார்பில் தடவவே கூடாது. காயவிட்டு உடை மாற்றுங்கள், ஒரு மணி நேரம் தண்ணீர் படவிடாதீர்கள், கையைக் கழுவுங்கள். தடவிய கையோடு பேரக் குழந்தையைத் தூக்கவே தூக்காதீர்கள். தோலில் தெளிக்கும் ஈஸ்ட்ரோஜன் பட்டுக் குழந்தைகளுக்கு மார்பு வீங்கியது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் எச்சரித்திருக்கிறது.

மாசி மகம், வில்லியனூர் தேர், வீட்டில் கல்யாணம் என்றால் மாதவிடாயைத் தள்ளிப்போட நாரெத்திஸ்டிரோன் மாத்திரை கேட்டு வருவார்கள். 47, 48 வயதில், ஏற்கெனவே ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். இந்த நேரத்தில் அதை நீங்களாகப் போடாதீர்கள். அதை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ரத்தம் படும். எந்த மருந்தால் பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தம் உறையும் ஆபத்தும் அதில் கூடுதல். கடையில் சீட்டு இல்லாமல் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

உறைதல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ திடீரென வந்தால், கை கால் மரத்தாலோ பேச்சு குழறினாலோ, பார்வை மங்கினாலோ கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது. 108-ஐ அழைத்து, ஹார்மோன் மருந்து எடுப்பதைச் சொல்லுங்கள். வாயால் விழுங்கும் ஈஸ்ட்ரோஜனில்தான் இந்த ஆபத்து கூடும். வழக்கமான அளவில் தடவும் ஜெல்லில் கூடுவதாகத் தெரியவில்லை. பலரை ஜெல்லுக்கு மாற்றுவதே இதற்காகத்தான்.

அடுத்த முறை ஜிப்மருக்கோ மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்கோ, உங்கள் வழக்கமான டாக்டரிடமோ போகும்போது “ஒத்துக்கல டாக்டர்” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய அட்டை, புதிய அட்டை, பொட்டு வைத்த நாள்காட்டி, தைராய்டு சீட்டு நான்கையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். எந்தத் தேதியில் மாற்றினீர்கள், எத்தனையாவது நாளில் என்ன ஆரம்பித்தது, எந்த மருந்தை எத்தனை நாள் விட்டீர்கள் என்று சொல்லுங்கள். விட்டதைச் சொல்லத் தயங்காதீர்கள். விட்டது தெரியாமல் டோஸைக் கூட்டிவிட்டால் சிரமம் உங்களுக்குத்தான்.