சோஃபாவில் ரொபோ விரல் வேகமாக வளைய

சோஃபா (SOFA) என்கிற உருவகப்படுத்தல் மென்பொருளில், காற்றழுத்தத்தால் வளையும் மென் ரொபோ விரலை வளைத்துப் பார்க்கும்போது, கணக்கிடும் நான்முகி வலையை (விரலின் உடலை நான்கு முகத் துண்டுகளாகப் பிரித்தது) ஜிமெஷ் (Gmsh) என்கிற வலை அமைக்கும் மென்பொருளில் பெரிய துண்டுகளாக எடுங்கோ. கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பைத் தனி நுண்வலையாக வைத்து, பேரிசென்ட்ரிக் மேப்பிங் என்கிற சோஃபாவின் பிணைப்பு முறையால் அந்த நான்முகி வலையோடு பிணைத்துவிடுங்கோ.

நேரத்தைத் தின்பது உள்ளே கணக்கிடும் வலையின் கணுக்கள்தான், அதாவது துண்டுகளின் மூலைப்புள்ளிகள். ஒவ்வொரு படியிலும் அவற்றுக்குத்தான் சமன்பாடுகள் தீர்க்கப்படுகின்றன. வெளித்தோல் அந்தக் கணுக்களின் நகர்வை இடைக்கணித்துப் பின்தொடரும், அதற்குச் செலவு சொற்பம். பழைய லாப்டொப்பிலும் விரல் தடங்காமல் வளையும். கொழும்பிலிருந்து சிலிக்கன் எடுப்பித்து யாழ்ப்பாணத்தில் வார்க்கிற மாணவருக்கு, ஊற்றுமுன்பே சரிவராத வடிவங்களைத் திரையில் கழித்துவிட முடிவது பெரிய மிச்சம். மென்பொருளும் இலவசம்.

விரலுக்குள் காற்று நிரப்பும் அறையின் சுவர் மெல்லியதென்றால் பெரிய துண்டுகள் உதவாது. சுவரின் தடிப்பு முழுவதையும் ஒரே நான்முகி நிரப்பினால், விரல் உண்மையில் இருப்பதைவிட விறைப்பாகக் காட்டும். அங்கே இரண்டு மூன்று அடுக்காவது வேணும். காற்றழுத்த அளவை முடிவெடுக்கும் முன்னும், துண்டின் அளவைப் பாதியாக்கி ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ. வளைவு மாறினால் வலை இன்னும் பொடியாக வேணும்.