தரை விளையாட்டு ஆளில்லாமலே ஆடினால்: திருத்திய முறை

புரொஜெக்டர் தரையில் மீன்களைக் காட்டும்; மேலிருந்து பார்க்கும் கேமரா கால் படுவதைக் கண்டால் அவை சிதறி ஓட வேண்டும். ஆளே இல்லாதபோதும் ஓடினால், நகரும் மீன்களையே கேமரா ஆள் நடமாட்டமாக எடுத்துக்கொள்கிறது. மென்பொருளில் உணர்திறனைக் குறைத்தால் குழந்தைகளின் கால்களும் தப்பிவிடும்.

தீர்வு அகச்சிவப்பு: மீன்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இருப்பதால், அகச்சிவப்பை மட்டும் பார்க்கும் கேமராவுக்கு அவை தெரியாது. கேமராவின் உள்ளே உள்ள அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டியைக் கழற்றி, லென்ஸின் முன் 850 நானோமீட்டர் ஒளியை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்தினேன். அதே அலைநீள எல்இடி விளக்குகள் இரண்டு, எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து. 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்கே தெரியாது. ஆனால் சாதாரண சென்சார் அதற்கு மந்தம். வெயிலிலும் ஹாலோஜன் விளக்கிலும் அகச்சிவப்பு ஏராளம், எனவே நன்றாக இருட்டிய பிறகே தொடங்குங்கள். தானியங்கி எக்ஸ்போஷரை (கேமரா தானே வெளிச்ச அளவை மாற்றிக்கொள்வதை) அணைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒருவர் உள்ளே வந்ததும் முழுப் படத்தின் வெளிச்சமும் மாறி, எல்லா இடமும் அசைந்ததாகத் தெரியும்.

கால் பட்ட இடம் தள்ளித் தெரிவது வேறு சிக்கல். கேமராப் படத்தைத் தரையோடு பொருத்த நான்கு மூலைகளை வைத்துச் செய்யும் அளவுத்திருத்தம் தரைமட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். 4 மீட்டர் உயரக் கேமராவிலிருந்து 3 மீட்டர் தள்ளி 1.2 மீட்டர் உயரக் குழந்தை நின்றால், தலை சுமார் 1.3 மீட்டர் பின்னால் விழும். அதனால் உருவத்தின் நடுப்புள்ளியை விட்டுவிட்டு, கேமராவுக்கு மிக அருகிலுள்ள விளிம்பைக் காலாக எடுத்தேன்.

மென்பொருள் ஆளைக் கண்டறிய ஒப்பிடும் வெறும் தரையின் படமே பின்னணி; அதைப் புதுப்பிக்கும் நேரத்தை அரை நிமிடத்தில் தொடங்கிப் பாருங்கள். மிக வேகமானால் அசையாமல் நிற்கும் குழந்தை மறைந்துவிடும். மெதுவானால் பனி ஈரத்திட்டும் ஆளாகிவிடும்.