பொது அறையில் உடல் தேறும் நாட்கள்: ஒரு நோயாளியின் வழிகாட்டுக் குறிப்பு

குடலில் ஏற்பட்ட அடைப்பை நீக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, புதுச்சேரியில் உள்ள ஒரு மருத்துவமனையின் ஆறு கட்டில் போட்ட அறையில் ஒன்பது நாட்கள் இருந்தேன். கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கத்திலிருந்து சிகிச்சைக்காகப் புதுச்சேரிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இத்தகைய அறைகளில்தான் தங்க நேர்கிறது. அறுவைச் சிகிச்சை எப்படி நடக்கும் என்பதை மருத்துவர் முன்கூட்டியே விளக்கிவிடுகிறார். அதன் பிறகு அந்நியர் ஐவரோடும் அவர்களுடைய உறவினர்களோடும் ஒரே கூரையின்கீழ் எப்படி உடம்பைத் தேற்றிக்கொள்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், வீட்டுக் கடிகாரத்தை மறந்துவிட வேண்டும். எங்கள் அறையில் விடியற்காலை ஐந்தரைக்கே விளக்கைப் போட்டு இரத்தம் எடுப்பார்கள். பிறகு காய்ச்சலும் இரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். தரை துடைத்து முடிவதற்குள் மருத்துவர்கள் ரவுண்ட்ஸ் வந்துவிடுவார்கள். இரவில் தூக்கம் துண்டுதுண்டாகத்தான் கிடைக்கும் என்பதால், மதிய உணவுக்குப் பிறகு பார்வையாளர்கள் வரும் மாலை நேரம் வரையுள்ள அமைதியைத் தவறவிடாமல் தூங்கிவிடுவது நல்லது. கண்ணின்மேல் போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய துண்டு இருந்தால் போதும், இரவு விளக்கின் தொல்லை பாதி குறைந்துவிடும்.

வலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் பிழை செய்தது அதில்தான். இரண்டாம் நாள் இரவு பத்து மணிக்கே வயிற்றில் வலி தொடங்கியது. மற்றவர்கள் உறங்குகிறார்களே, இந்த நேரத்தில் சிஸ்டரைக் கூப்பிடுவது சரியா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மூன்று மணிக்குத் தாங்க முடியாமல் முனகியபோது எனக்கு மருந்து வரும் முன்பே அறை முழுவதும் விழித்துக்கொண்டது. “பத்து மணிக்கே சொல்லியிருந்தால் மாத்திரையோடு முடிந்திருக்குமே, ஐயா” என்று அந்த சிஸ்டர் வருத்தத்துடன் சொன்னார். வலி முற்றிய பிறகு கொடுக்கும் மருந்தைவிட, அது தலைதூக்கும்போது கொடுக்கும் மருந்து நன்றாக வேலை செய்கிறது. அதோடு, வலிக்குப் பயந்து மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் படுத்திருப்பவருக்கு நெஞ்சில் சளி கட்டும். ஆகவே ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லாமல், எங்கே வலிக்கிறது, குத்துகிறதா இழுக்கிறதா, பூஜ்யம் முதல் பத்து வரை வைத்துப் பார்த்தால் எத்தனை என்று சேர்த்துச் சொல்லுங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையைத் தையலின்மேல் வைத்து இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு இருமினால், வலி தாங்கும் அளவில் இருக்கும்.

மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வார்கள். ‘பந்து ஊதுவது’ என்றே வார்டில் அனைவரும் சொல்வதால், பலரும் கன்னம் உப்ப அதில் ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அதில் ஊதக் கூடாது. மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு, குழாயை வாயில் பொருத்தி, மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். பந்து மேலே எழுந்ததும் இரண்டு மூன்று விநாடி அப்படியே நிறுத்துங்கள். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை என்று எனக்குச் சொன்னார்கள். உங்களுக்குச் சொல்லும் கணக்கையே நீங்கள் பின்பற்றுங்கள்.

மருத்துவர் அனுமதித்த அன்றே எழுந்து நடப்பதும் மருந்துக்குச் சமமானது. ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். தலைசுற்றல் இல்லை என்று உறுதியான பிறகே நில்லுங்கள். அசையாத கால்களில் இரத்தம் உறையக்கூடும். கெண்டைக்காலில் வீக்கமோ வலியோ தோன்றினால் எண்ணெய் தேய்த்து நீவிவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதைச் செய்யாமல் உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

நோயாளியைப் பார்க்க வருபவர்கள்தான், உடம்போடு இணைத்திருக்கும் குழாய்களைப் பெரும்பாலும் இடம் மாற்றிவிடுகிறார்கள். எதிர்க்கட்டில் முதியவரைப் பார்க்க வந்த மருமகன், சிறுநீர்ப் பை தரையருகே தொங்குகிறதே என்று நல்லெண்ணத்தில் அதை எடுத்து மெத்தைமேல் வைத்தார். அந்தப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும். உயர்த்தினால் சிறுநீர் திரும்பி உள்ளே சென்று கிருமித் தொற்றை உண்டாக்கக்கூடும். டிரிப்ஸ் மெதுவாக இறங்குகிறது என்று அதன் திருகை நாமே தள்ளுவதும் கூடாது. ஊசி குத்திய இடம் வீங்கினாலோ சிவந்தாலோ அப்போதே காட்டுங்கள்.

ரவுண்ட்ஸ் நேரத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. முந்தைய நாள் இரவே இரண்டு மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, சீஃப் எனப்படும் தலைமை மருத்துவர் கட்டிலருகே வந்ததும் அதைப் பார்த்துக் கேளுங்கள். விடுபட்டவற்றை, மாலையில் கேஸ் ஷீட் எழுத வரும் இளம் மருத்துவரிடம் கேட்டால் பொறுமையாக விளக்குவார். காற்று பிரிந்ததா, மலம் கழிந்ததா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்பார்கள். குடல் இயங்கத் தொடங்கியதற்கு அதுவே முதல் அடையாளம் என்பதால், கூசாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். நான்காம் நாள் நான் ‘ஆமாம்’ என்று சொன்னபோது, பக்கத்துக் கட்டில்காரர்கள் உண்மையாகவே மகிழ்ந்தார்கள்.

அந்தப் பக்கத்துக் கட்டிலில் ஏனாமிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். ஏனாம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்றாலும், ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் இருப்பதால் அங்குள்ளோர் பேசுவது தெலுங்கு. அவர் “நொப்பி, நொப்பி” என்று வயிற்றைத் தொட்டுக் காட்டியதைக் கேரளத்திலிருந்து வந்திருந்த சிஸ்டருக்குச் சட்டென்று புரிந்துகொள்ள முடியவில்லை. நம் நோவுதான் அவருக்கு நொப்பி என்று ஊகித்து நான் எடுத்துச் சொன்னேன். மறுநாள் நான் நடக்கும்போது என் டிரிப்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி கூடவே வந்தார். பொது அறையில் இத்தகைய உதவி தானாகவே கிடைக்கும். ஆனால் அடுத்தவர் கட்டிலில் உட்காராமலும், அவருடைய நோயைப் பற்றி அவராகச் சொல்லாதவரை கேட்காமலும், திரை போட்டிருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக நாம் நடந்துகொள்ள வேண்டும். கைப்பேசியில் ஒலிபெருக்கி வைத்துப் பேசக் கூடாது. கட்டிலருகே சாமி படம் வைத்திருப்பவர்கள் ஊதுபத்தியோ சூடமோ கொளுத்தக் கூடாது. ஆக்சிஜன் செல்லும் அறையில் ஒரு தீப்பொறியே பேராபத்து.

பார்க்க வருபவர்கள் வெறுங்கையோடு வரக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். இளநீரும் சாத்துக்குடியும் தவறாமல் வரும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதால் சிறுநீரக நோயாளிக்கு அது ஆகாது. சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பழச்சாறு ஆகாது. மருத்துவர் சாப்பிடச் சொல்லும்வரை ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். வருபவர்கள் கட்டிலைத் தொடும் முன்பும் கிளம்பும்போதும் கை கழுவட்டும். இருமலோ காய்ச்சலோ உள்ள உறவினரை, மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை, வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுங்கள்.

உடன் இருப்பவரையும் கவனிக்க வேண்டும். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து மூன்று இரவு விழித்த என் மனைவிக்கு நான்காம் நாள் காய்ச்சல் கண்டது. அதன் பிறகே என் தம்பி மாற்றி மாற்றி வரத் தொடங்கினான். அந்த ஏற்பாட்டை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவசரப்படாதீர்கள். தையல் எப்போது பிரிப்பார்கள், குளிக்கலாமா, எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, எந்த மாத்திரை உணவுக்கு முன், காய்ச்சலோ புண்ணில் சீழோ கண்டால் எங்கே வர வேண்டும் என்பவற்றைக் கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்புறத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். கடலூருக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர்தான் என்றாலும், பேருந்தில் செல்வதானால் பின் சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கைகளைத் தவிர்த்து நடுவில் உட்காருங்கள். வார்டில் இருமும்போது அணைத்துக்கொண்ட அதே தலையணையை, அரியாங்குப்பத்தைத் தாண்டி ஒவ்வொரு வேகத்தடை வரும்போதும் வயிற்றின்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.