அவுட்லுக்கில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால்

மதுரை மாசி வீதி ஜவுளி மொத்தக்கடையோ, கப்பலூர் தொழிற்பேட்டை அலுவலகமோ, இன்னும் மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக் 2007 அல்லது 2010-ல் வேலை ஓடுகிறது என்றால் இந்தத் தொல்லை ஒருநாள் வந்தே தீரும். மெயிலில் 'டூ' கட்டத்தில் பெயரைத் தட்டினால் ஒரே ஆள் இரண்டு வரியாக நிற்பார். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் போய்ச் சேரும், மற்றொன்று திரும்பி வரும். உடனே டெலிட் பண்ணக் கை பரபரக்கும். அதைச் செய்யாதீர்கள். அந்தப் பெயர் மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றிலிருந்து வருகிறது. எந்த இடம் என்று தெரியாமல் அழித்தால் நல்ல முகவரிதான் முதலில் போகும்.

முதல் இடம், தட்டத் தட்டக் கீழே விரிகிற ஆட்டோ கம்ப்ளீட் பட்டியல். இது முகவரிப் புத்தகமே அல்ல. நீங்கள் முன்பு அனுப்பிய முகவரிகளின் நினைவு மட்டும்தான். 'டூ' பட்டனை அழுத்தித் திறக்கும் முகவரிப் புத்தகத்தில் ஒரே வரி, தட்டும்போது மட்டும் இரண்டு வரி என்றால் குற்றவாளி இதுதான். கீழ்நோக்கிய அம்புக்குறியால் பழைய வரிக்கு வந்து கீபோர்டில் டெலிட் அழுத்துங்கள், முடிந்தது. 2010-ல் வரியின் ஓரத்தில் உள்ள பெருக்கல் குறியும் அதே வேலையைச் செய்யும். 2007-ல் இந்த நினைவு என்கே2 என்று முடியும் ஒரு ஃபைலில் அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். அதனால் ஒரு மேசையில் அழித்தது அடுத்த மேசையில் அப்படியே நிற்கும். 2010-ல் மெயில்பாக்ஸுக்கு உள்ளேயே போய்விட்டது.

இரண்டாவது இடம், உங்கள் சொந்த கான்டாக்ட்ஸ். இங்கே இரட்டிப்பு இரண்டு வகை. ஒன்று, உண்மையான இரட்டை இல்லவே இல்லை. கான்டாக்டில் மெயில் முகவரியோடு 0452 என்று தொடங்கும் ஃபேக்ஸ் எண்ணும் இருந்தால், அவுட்லுக் அதையும் ஒரு முகவரியாக எடுத்து இரண்டாவது வரி காட்டும். பெயருக்குப் பக்கத்தில் 'பிசினஸ் ஃபேக்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். அதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய மெயில்தான் திரும்பி வருவது. கான்டாக்டை அழிக்க வேண்டாம். ஃபேக்ஸ் எண்ணுக்கு முன்னால் ஆங்கில 'எஃப்' எழுத்து ஒன்றைப் போட்டுச் சேமித்தால் போதும், அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடும். பழைய வியாபாரிகள் பட்டியலில் பாதித் தொல்லை இதோடு தீரும்.

மற்றொரு வகை நிஜமான இரட்டை. அவுட்லுக் தன் மெயில், கான்டாக்ட்ஸை மொத்தமாகச் சேமிக்கும் பிஎஸ்டி ஃபைலை இம்போர்ட் பண்ணும்போது பாதியில் கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து ஓட்டி, 'அலவ் டூப்ளிகேட்ஸ்' தேர்ந்தெடுத்தால் நூறு பெயரும் இருநூறாகும். போனோடு சிங்க் பண்ணும் மென்பொருளும் இதைச் செய்யும். மீனாட்சி என்ற பெயரை ஒருவர் 'கே எஸ் எச்' போட்டும், இன்னொருவர் 'டி சி எச்' போட்டும், இனிஷியலை ஒருவர் முன்னாலும் இன்னொருவர் பின்னாலும் எழுதுவதால், இம்போர்ட் அவற்றை ஒரே ஆள் என்று கண்டுபிடிக்காது. தானாகச் சேர்க்கும் என்று நம்பாமல் கையால் பார்ப்பதே நல்லது.

முதலில் கான்டாக்ட்ஸ் முழுவதையும் ஒரு பிஎஸ்டி ஃபைலாக எக்ஸ்போர்ட் பண்ணி வையுங்கள். பிறகு வியூவை 'போன் லிஸ்ட்'டுக்கு மாற்றி, தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து ஃபீல்டு சூசரிலிருந்து 'மாடிஃபைடு' (கடைசியாக மாறிய நாள்) நெடுவரிசையை இழுத்துப் போடுங்கள். அந்தத் தலைப்பைக் கிளிக் செய்தால் இம்போர்ட் நடந்த நாளில் வந்தவை எல்லாம் ஒரே கட்டாகக் கூடும். முதலாவதைக் கிளிக் செய்து, ஷிஃப்டைப் பிடித்துக் கடைசியையும் கிளிக் செய்து டெலிட் பண்ணுங்கள். பழைய பதிவில் மொபைல் எண் விடுபட்டிருக்கிறதா என்று நாலைந்தைத் திறந்து பார்த்த பிறகு மட்டும்.

மூன்றாவது இடம் நிறுவனத்தின் பொதுப் பட்டியல், குளோபல் அட்ரஸ் லிஸ்ட். நிறுவனத்தின் மெயிலை நடத்தும் எக்ஸ்சேஞ்ச் சர்வரைப் பார்க்கிறவருக்கு மட்டும் இதில் கை வைக்க முடியும். முதல் கேள்வி: பட்டியல் சர்வரிலேயே தவறா, உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் நகல்தான் பழசா? பிரவுசரில் மெயில் பார்க்கும் அவுட்லுக் வெப் ஆக்சஸைத் திறந்து அதே பெயரைத் தேடுங்கள். அங்கே ஒரே வரி, அவுட்லுக்கில் இரண்டு என்றால் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள நகலான ஆஃப்லைன் அட்ரஸ் புக் பழசு. எக்ஸ்சேஞ்ச் 2007, 2010 வழக்கமாக அதை ஒரு நாளைக்கு ஒரு முறை, காலை 5 மணிக்குத்தான் தயாரிக்கும். அவுட்லுக்கும் 24 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் இறக்கும். ஆகவே திருத்தியது தெரிய இரண்டு நாள்கூட ஆகலாம். அவசரம் என்றால் சென்ட்/ரிசீவில் 'டவுன்லோட் அட்ரஸ் புக்' போய், 'மாறியதை மட்டும்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழுவதையும் இறக்குங்கள்.

வெப் ஆக்சஸிலும் இரண்டு வரி இருந்தால், பெரும்பாலும் கிளை ஊழியரை முன்பு வெளி முகவரியோடு மெயில் கான்டாக்டாகச் சேர்த்துவிட்டு, பிறகு அவருக்கே மெயில்பாக்ஸும் கொடுத்திருப்பார்கள். இரண்டு வரியின் பிராப்பர்ட்டீஸையும் திறந்து 'இ-மெயில் அட்ரசஸ்' பக்கத்தை ஒப்பிடுங்கள். எதை வைத்துக்கொள்வது என்பது தெரியும். ஆனால் வேண்டாததை அழிக்கும் முன், எக்ஸ்சேஞ்ச் உள்ளுக்குள் பயன்படுத்தும் முகவரியான அதன் 'லெகசி எக்ஸ்சேஞ்ச் டிஎன்' மதிப்பை நகல் எடுத்து, வைத்துக்கொள்ளும் மெயில்பாக்ஸின் முகவரிகளில் கஸ்டம் அட்ரஸாக, எக்ஸ்500 வகையில் சேருங்கள். இல்லாவிட்டால் பழைய மெயிலுக்கு ரிப்ளை அடிக்கும் ஒவ்வொருவருக்கும் மெயில் திரும்பும். அந்த மெயிலும் அவர்களுடைய ஆட்டோ கம்ப்ளீட்டும் அந்தப் பழைய டிஎன்-ஐத்தான் பிடித்துவைத்திருக்கும். அழிப்பதற்கு மனம் வரவில்லையா? கான்டாக்டின் ஜெனரல் பக்கத்தில் 'ஹைட் ஃப்ரம் எக்ஸ்சேஞ்ச் அட்ரஸ் லிஸ்ட்ஸ்' டிக் செய்து ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். யாரும் தேடவில்லை என்றால் அதன் பிறகு அழிக்கலாம்.