ஒரே கேபிளில் ஒரு வி-லேன் மட்டும் போகவில்லையா? ட்ரங்க் இணைப்பில் பிழை தேடும் முறை

போர்ட் விளக்கு பச்சையாக எரிகிறது. அலுவலகக் கணினிகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் வேலை செய்கின்றன. ஆய்வகக் கணினிகள் மட்டும் தங்கள் சர்வரை எட்டவில்லை. ஒரே வலையமைப்பைத் தனித்தனிப் பிரிவுகளாக்கும் வி-லேன் முறையில் பிரித்து அமைத்த கட்டடத்தில் புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு வரும் புகார் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பலரும் முதலில் கேபிளை மாற்றுகிறார்கள். அடுத்து சுவிட்சை அணைத்துவிட்டு மீண்டும் போடுகிறார்கள். முதல் வேலை வீண். இரண்டாவது ஆபத்தும்கூட, யாரோ சேமிக்காமல் விட்ட அமைப்பு அதோடு போய்விடும். ஒரே கேபிளில் ஒரு வி-லேன் போய் இன்னொன்று போகாவிட்டால், கேபிளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. எந்த இணைப்பில், எந்தக் கட்டத்தில் அந்த வி-லேன் விடுபடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

மூன்று மாடிக் கல்லூரிக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாடிக்கு ஒன்றாக மூன்று சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 சுவிட்சுகள்: கீழ், நடு, மேல். வி-லேன் 10 அலுவலகம், 20 ஆய்வகம், 30 கண்காணிப்புக் கேமரா. ஆய்வகச் சர்வர் கீழ்த்தளத்தில், ஆய்வகக் கணினிகள் மேல்தளத்தில். நடுத்தளத்தில் ஆய்வகம் எதுவும் இல்லை. நடு சுவிட்சின் கிகா 0/1 போர்ட் கீழேயும், கிகா 0/2 போர்ட் மேலேயும் போகின்றன. கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். சுவிட்சில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

முன்னதாகத் தெரிய வேண்டியது

ஆக்சஸ் போர்ட் ஒரே ஒரு வி-லேனுக்கு உரியது. அதில் போகும் ஃப்ரேமில் (தரவுப் பொதியில்) எந்த அடையாளமும் இருக்காது. ட்ரங்க் போர்ட் பல வி-லேன்களைச் சுமப்பதால், ஒவ்வொரு ஃப்ரேமும் எந்த வி-லேனைச் சேர்ந்தது என்று காட்ட 4 பைட் டேக் ஒன்றைச் செருகுகிறது. இதை வரையறுப்பது ஐஇஇஇ 802.1க்யூ தரம். டேக்கில் வி-லேன் எண்ணுக்கு 12 பிட் இடம் இருக்கிறது. 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை, ஆகவே 1 முதல் 4094 வரை பயன்படுத்தலாம். ஒரே ஒரு வி-லேன் மட்டும் ட்ரங்க்கில் டேக் இல்லாமல் போகும். அதுதான் நேட்டிவ் வி-லேன். சிஸ்கோவில் மாற்றாதவரை அது 1.

படி 1: சிக்கலின் எல்லையைக் குறுக்குங்கள்

மேல் சுவிட்சிலேயே வி-லேன் 20-இல் உள்ள இரண்டு கணினிகளுக்கு, ஒரே சப்நெட்டில் கையால் ஐபி முகவரி கொடுத்து ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிங் அனுப்புங்கள். முகவரியைக் கையால் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஐபி முகவரி வழங்கும் சர்வர் (டிஹெச்சிபி) எட்டாதபோது விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் முகவரியை எடுத்துக்கொள்ளும். அதை வைத்துச் சோதித்தால் எதுவும் விளங்காது.

பிங் தோற்றால் உடனே வலையமைப்பைக் குறை சொல்லாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பல கணினிகளில் பிங்கைத் தடுத்துவிடும். பிங் அனுப்பிய கையோடு அதே கணினியில் ஆர்ப் -ஏ என்ற கட்டளையைக் கொடுங்கள். எதிர்க் கணினியின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி) பட்டியலில் வந்திருந்தால் வி-லேன் வழி திறந்தே இருக்கிறது, அடைத்தது ஃபயர்வால். இந்த ஒரு சோதனை தெரியாமல் மணிக்கணக்கில் சுவிட்சோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய.

ஒரே சுவிட்சுக்குள் போகிறது, சுவிட்ச் தாண்டினால் போகவில்லை என்றால் ட்ரங்க் பக்கம் வாருங்கள். வி-லேன் 20-க்குள் எங்கும் போகிறது, 10-க்குத்தான் போகவில்லை என்றால் அது ரவுட்டர் அல்லது கேட்வேயின் சங்கதி. இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

படி 2: கணினி சரியான வி-லேனில்தான் இருக்கிறதா?

ஷோ வி-லேன் பிரீஃப்

கணினி செருகிய போர்ட் 20-க்கு நேரே இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: ட்ரங்க்காக இயங்கும் போர்ட் இந்தப் பட்டியலில் வராது. நீங்கள் ட்ரங்க் என்று நம்பிய போர்ட் வி-லேன் 1-க்கு நேரே இருந்தால், அது ட்ரங்க்காக மாறவே இல்லை, அல்லது இணைப்பே உயிரோடு இல்லை.

படி 3: நான்கு பகுதிகளை மேலிருந்து கீழாகப் படியுங்கள்

ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்

ஒரே ஒரு கட்டளைதான் மனத்தில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். இதன் விடை நான்கு பகுதிகளாக வரும். பெரும்பாலானோர் முதல் பகுதியில் ட்ரங்க்கிங் என்ற சொல்லைப் பார்த்ததும் திருப்தியாகி நகர்ந்துவிடுகிறார்கள். செய்தியோ அடுத்த மூன்றில்தான் இருக்கிறது. உங்கள் வி-லேன் எண் எந்தப் பகுதியில் முதன்முதலாகக் காணாமல் போகிறதோ, அந்தப் பகுதியே நோயின் பெயர். பாதையில் உள்ள எல்லா சுவிட்சுகளிலும், ஒவ்வொரு இணைப்பின் இரு முனைகளிலும் இதைப் பாருங்கள்.

நம் நடு சுவிட்சில் வந்த விடையின் சாரம் இது:

1. நிலை: கிகா 0/1, கிகா 0/2 இரண்டும் ட்ரங்க்கிங், நேட்டிவ் 1
2. அனுமதிக்கப்பட்டவை: 1, 10, 20, 30
3. அனுமதிக்கப்பட்டு இயங்குபவை: 1, 10, 30
4. ஸ்பானிங் ட்ரீ (வட்டச் சுற்றைத் தடுக்கும் முறை) கடத்துபவை: 1, 10, 30

வி-லேன் 20 மூன்றாம் பகுதியில் மறைந்துவிட்டது. காரணத்துக்குப் போகும் முன் மற்ற பகுதிகளையும் பார்த்துவிடுவோம், உங்கள் கட்டடத்தில் வேறொன்று காத்திருக்கலாம்.

முதல் பகுதியிலேயே போர்ட் இல்லை

ட்ரங்க் உருவாகவில்லை என்று பொருள். 2960 போன்ற சுவிட்சுகளில் போர்ட்டின் இயல்பு நிலை டைனமிக் ஆட்டோ. எதிர்முனை கேட்டால் ட்ரங்க் ஆகும், தானாகக் கேட்காது. இரு முனையும் ஆட்டோவாக இருந்தால் இரண்டும் காத்துக்கொண்டே இருக்கும்; இரண்டுமே வி-லேன் 1-இன் ஆக்சஸ் போர்ட் ஆகிவிடும். இதில் ஒரு ஏமாற்றும் உண்டு: சுவிட்சின் நிர்வாக முகவரி வி-லேன் 1-இல் இருந்தால் ஒரு சுவிட்சிலிருந்து மற்றதற்குப் பிங் அழகாகப் போகும், இணைப்பு சரி என்று நினைத்துவிடுவோம். பேரம் பேச விடாமல் இரு முனையிலும் நேரடியாகவே எழுதுங்கள்:

சுவிட்ச்போர்ட் மோட் ட்ரங்க்

3560, 3750 போன்ற பழைய மாடல்கள் சிஸ்கோவின் சொந்த ட்ரங்க் முறையான ஐஎஸ்எல்லையும் அறிந்தவை. அவற்றில் முதலில் சுவிட்ச்போர்ட் ட்ரங்க் என்கேப்சுலேஷன் டாட்1க்யூ என்று கொடுத்தால்தான் மேற்கண்ட கட்டளையை ஏற்கும். 2960-க்கு ஐஎஸ்எல் தெரியாது, அதனால் இந்தக் கட்டளையும் அதில் கிடையாது.

இரண்டாம் பகுதியில் எண் இல்லை

அனுமதிப் பட்டியலில் விடுபட்டிருக்கிறது. புதிதாக ஒரு வி-லேனைச் சேர்க்கும்போது, ஆட் என்ற சொல் இல்லாமல் சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் வி-லேன் 30 என்று எழுதினால், பழைய பட்டியல் முழுவதும் அழிந்து 30 மட்டும் மிஞ்சும். எழுத வேண்டியது இது:

சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் வி-லேன் ஆட் 30

தொலைவிலிருந்து உள்நுழைந்து இதை மாற்றுகிறீர்கள் என்றால், உங்கள் சொந்த இணைப்பே அந்த ட்ரங்க் வழியாகத்தான் வந்துகொண்டிருக்கும். ஒரு சொல் விடுபட்டால் வெளியே நிற்பீர்கள். ஆகவே முதலில் இப்போதைய அமைப்பைச் சேமித்துவிட்டு, ரீலோட் இன் 10 என்று கொடுங்கள். மாற்றம் கெட்டுப்போனால் பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுதொடக்கமாகிப் பழைய அமைப்புக்குத் திரும்பும். நல்லபடியாக முடிந்தால் ரீலோட் கேன்சல் என்று கொடுத்து நிறுத்துங்கள். மறந்தால் பகல் வேளையில் மொத்தத் தளமும் விழும்.

மூன்றாம் பகுதியில் மறைகிறது

நம் வழக்கு. ட்ரங்க் 20-ஐ அனுமதிக்கிறது, ஆனால் அந்த சுவிட்சிலேயே வி-லேன் 20 என்று ஒன்று உருவாக்கப்படவில்லை. ஏன் நடு சுவிட்சில் மட்டும்? கீழும் மேலும் யாரோ ஒரு போர்ட்டை வி-லேன் 20-இல் சேர்த்திருப்பார்கள். அப்படிச் சேர்க்கும்போது அந்த வி-லேன் இல்லாவிட்டால் சிஸ்கோ சுவிட்ச் அதைத் தானே உருவாக்கிக்கொள்ளும். நடுத்தளத்தில் ஆய்வகக் கணினி ஏதும் இல்லாததால் அங்கே அந்தத் தேவை எழவில்லை. வழிவிட மட்டுமே இருக்கும் சுவிட்சும் அந்த வி-லேனை அறிந்திருக்க வேண்டும்; அறியாவிட்டால் ஃப்ரேமை ஓசையின்றிக் கைவிட்டுவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. மருந்து, நடு சுவிட்சின் கான்ஃபிகரேஷன் நிலையில் இரண்டு வரிகள்:

வி-லேன் 20
நேம் ஆய்வகம்

பெயரை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். எக்சிட் கொடுத்து வெளியே வந்ததும் அது நடைமுறைக்கு வரும். சுமார் அரை நிமிடத்தில் ஸ்பானிங் ட்ரீ வேலையை முடித்து, 20 நான்காம் பகுதியிலும் தோன்றும்.

நான்காம் பகுதியில் மட்டும் இல்லை

ஸ்பானிங் ட்ரீ அந்த வி-லேனை அந்தப் போர்ட்டில் அடைத்திருக்கிறது, அல்லது விடிபி (வி-லேன் பட்டியலை சுவிட்சுகளுக்கிடையே பரப்பும் சிஸ்கோ முறை) தேவையில்லை என்று ப்ரூனிங் மூலம் வெட்டியிருக்கிறது. ஷோ ஸ்பானிங்-ட்ரீ வி-லேன் 20 என்று பாருங்கள். இரண்டு வழிகள் இருந்து ஒன்று அடைபட்டிருந்தால் அது நோயல்ல, வட்டச் சுற்றைத் தடுக்கும் இயல்பான காவல். திறந்திருக்கும் மற்ற வழியில் 20-க்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: நேட்டிவ் வி-லேன் இருபுறமும் ஒன்றா?

ஒரு முனையில் 1, மறுமுனையில் 99 என்றிருந்தால், டேக் இல்லாமல் வரும் ஃப்ரேம் வேறு வி-லேனுக்குள் போய் விழும். இரண்டும் சிஸ்கோ என்றால், அண்டைச் சாதனங்கள் தம்மை அறிவித்துக்கொள்ளும் சிடிபி முறை, நேட்டிவ் பொருந்தவில்லை என்று கன்சோலில் திரும்பத் திரும்ப எச்சரிக்கும். ஸ்பானிங் ட்ரீயும் அந்த வி-லேன்களை அடைத்துவிடும். எதிரே வேறு நிறுவனத்தின் சுவிட்ச் இருந்தால் இந்த எச்சரிக்கை கிடைக்காமல் போகலாம். ஒரு பிரிவின் கணினிக்கு மற்றொரு பிரிவின் ஐபி முகவரி கிடைத்தால் முதல் சந்தேகம் இதன்மேல் விழ வேண்டும்.

சிஸ்கோ அல்லாத சுவிட்சுகளோடு சேரும்போது இன்னும் கவனம் தேவை. அங்கே டேக்டு, அன்டேக்டு என்று போர்ட்டுக்குப் போர்ட் குறிப்பார்கள். ஹெச்பி ப்ரோகர்வ் வரிசையில் ட்ரங்க் என்று எழுதினால் பல கேபிள்களை ஒன்றாகக் கட்டும் வேலையைச் செய்துவிடும். வலைப்பக்கம் வழியாக அமைக்கும் விலை குறைந்த சுவிட்சுகள் பலவற்றில் அன்டேக்டு என்று குறித்தால் மட்டும் போதாது, போர்ட்டின் இயல்பு வி-லேனைக் குறிக்கும் பிவிஐடி எண்ணையும் தனியே மாற்ற வேண்டும். முன்னது வெளியே போகும் ஃப்ரேமுக்கு, பின்னது உள்ளே வருவதற்கு. ஒன்றை மறந்தால் ஒரு திசை மட்டும் ஓடும்.

படி 5: மேக் முகவரியைப் பின்தொடருங்கள்

எல்லாம் சரியாகத் தெரிந்தும் ஓடவில்லை என்றால் ஃப்ரேமைத் துரத்துங்கள். மேல்தளக் கணினியில் பிங்கை நிற்காமல் ஓடவிட்டு, ஒவ்வொரு சுவிட்சிலும்

ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் வி-லேன் 20

என்று பாருங்கள். அக்கணினியின் மேக் எந்த சுவிட்ச் வரை தெரிகிறதோ அதுவரை ஃப்ரேம் வந்திருக்கிறது. அடுத்த சுவிட்சில் தெரியவில்லை என்றால் பிழை அந்த இரண்டுக்கும் நடுவில். பிங்கை ஓடவிடச் சொல்வதற்குக் காரணம், பேச்சு நின்ற மேக் பதிவுகள் இயல்பாக 300 நொடிகளில் அழிந்துவிடும்.

வயர்ஷார்க் (ஃப்ரேம்களைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: விண்டோஸில் பல நெட்வொர்க் கார்டுகள் டேக்கை உரித்துவிட்டுத்தான் ஃப்ரேமை மேலே அனுப்பும். திரையில் டேக் தெரியவில்லை என்பதால் சுவிட்ச் அனுப்பவில்லை என்று ஆகாது.

சிறிய பிங் போகிறது, பெரிய கோப்பு மட்டும் நிற்கிறது என்றால், வழியில் யாராவது ஒரு பழைய, அமைப்பு வசதியற்ற சுவிட்சைச் செருகியிருக்கிறார்களா என்று தேடுங்கள். டேக் சேர்ந்தால் ஈத்தர்நெட் ஃப்ரேமின் உச்ச அளவு 1518 பைட்டிலிருந்து 1522 ஆகிறது. சில பழைய சாதனங்கள் அந்த நான்கு பைட்டைத் தாங்காமல் ஃப்ரேமை எறிந்துவிடும். விண்டோஸில் பிங் -எஃப் -எல் 1472 என்று சர்வர் முகவரியோடு கொடுத்தால் இது வெளிப்படும்.

சரிசெய்த பின்

மூன்று சுவிட்சிலும் ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க் மீண்டும் கொடுத்து, கடைசி மூன்று பகுதிகளிலும் 20 இருப்பதைப் பார்த்த பிறகு காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் கொடுத்துச் சேமியுங்கள்.

பழுதான சுவிட்சுக்குப் பதிலாக வேறிடத்தில் கிடந்த பழைய ஒன்றைக் கொண்டுவந்து மாட்டுகிறீர்கள் என்றால், ரைட் இரேஸ் போதாது; வி-லேன் விவரம் ஃபிளாஷில் வி-லேன்.டாட் என்ற தனிக் கோப்பில் கிடக்கும், அதையும் அழித்து மறுதொடக்கம் செய்யுங்கள். விடிபி டொமைன் பெயரும் கடவுச்சொல்லும் ஒத்துப்போய், அந்தப் பழைய சுவிட்சின் ரிவிஷன் எண் உயர்ந்ததாக இருந்தால், அதன் பட்டியல் கட்டடம் முழுவதற்கும் பரவி உங்கள் வி-லேன்களைத் துடைத்துவிடும். மாட்டுவதற்கு முன் ஷோ விடிபி ஸ்டேட்டஸ் கொடுத்து அந்த எண் 0 என்று இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.